நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு இரட்டை வடிகால் பம்பு: திருவான்மியூரிலிருந்து ஒரு மதிப்பீடு

திருவான்மியூரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில், 2024 வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, 1 எச்.பி. திறனுள்ள இரண்டு வடிகால் நீர்மூழ்கிப் பம்புகளையும் அவற்றை மாறி மாறி இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றையும் பொருத்தினோம். பம்புகள் கோயம்புத்தூரில் தயாரானவை. ஏறத்தாழ இதே அமைப்பில், இதே திறனில் பல நிறுவனங்கள் பம்பு விற்கின்றன. நான் எழுதவிருப்பவற்றில் பெரும்பகுதி பம்பின் வகையையும் அதைப் பொருத்திய முறையையும் சார்ந்தது. ஆகவே நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பு தன் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் பம்பை மட்டும் வாங்கி வைத்துவிட்டுத் தளம் இனி நனையாது என்று இருந்துவிட முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பம்பு அதை எங்கே கொண்டுபோய் விடுகிறது, மின்சாரம் நின்ற பிறகு பம்பு எதில் ஓடும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் பம்பின் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

எங்கள் தளத்துக்கு மூன்று வழிகளில் நீர் வருகிறது. வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதை திறந்தவெளியாக இருப்பதால் அதன்மேல் பெய்யும் மழை முழுவதும் கீழே இறங்குகிறது. இரண்டாவது நிலத்தடி நீர். திருவான்மியூர், கொட்டிவாக்கம், அடையாறு, சாந்தோம் ஆகியவை மணற்பாங்கான நிலப்பகுதிகள். மழை விழுந்ததும் உள்ளே இறங்கிவிடும் என்பது இந்த மணலின் நன்மை, ஐப்பசி கடந்து கார்த்திகை பிறந்தால் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி வந்து சுவர் இடுக்குகளிலும் தள இணைப்புகளிலும் கசியத் தொடங்கும் என்பது அதன் தொல்லை. இந்தக் கசிவு மழை ஓய்ந்த நாள்களிலும் நிற்பதில்லை. தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் போன்ற களிமண் பகுதிகளில் நிலைமை வேறு; அங்கே நீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே தேங்கும் என்பதால் சாலையிலிருந்து பாய்ந்து வரும் நீர்தான் பெரிய கவலை. எங்களுக்கும் அந்த மூன்றாவது வழி உண்டு. அதைக் கடைசியில் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எந்தப் பம்பின் வல்லமையும் அங்கே வந்து முடிந்துவிடுகிறது.

இதற்கு முன், தளத்து நீர் வந்து சேரும் எங்கள் வடிகுழியில் இருந்தது கட்டுமான நிறுவனம் வைத்துவிட்டுப் போன திறந்தகிணற்று நீர்மூழ்கிப் பம்பு. படுக்கை வசமாக இருக்கும் அந்த வகை, கிணற்றிலிருந்தோ குடிநீர்ச் சம்பிலிருந்தோ தெளிந்த நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுவதற்கு மிகவும் ஏற்றது. அந்த வேலைக்கு அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாகன நிறுத்தத்தின் வடிகுழிக்கு வருவது தெளிந்த நீர் அல்ல. டயரில் ஒட்டி வந்த சேறு, வேப்பிலைச் சருகு, மணல், பிளாஸ்டிக் உறைத் துண்டு, இயந்திர எண்ணெய் எல்லாம் கலந்து வருவது. அந்தப் பம்பின் உறிஞ்சுவாயில் உள்ள சல்லடை ஒரு நல்ல மழைக்குள் அடைத்துக்கொள்ளும். மேலும் அந்த மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள நீரால்தான் குளிர்ச்சி பெறுகிறது. குழியின் நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெளியே தெரியத் தொடங்கினால் சூடேறும். நீரை அடிமட்டம் வரை இறைக்க வேண்டிய இடத்தில், நீருக்குள் முழுகியே இருக்க வேண்டிய பம்பை வைத்தது வகைத் தேர்விலேயே நேர்ந்த கோளாறு. சென்னையில் பல குடியிருப்புகளில் இன்றும் இதுதான் நிலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் பொதுவாகச் "சம்ப் பம்பு" என்று கேட்டால் மாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்பையே எடுத்துத் தருவார்கள். "டிரெய்னேஜ் சப்மெர்சிபிள்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

வடிகால் பம்பு நிமிர்ந்து நிற்கும் உருளை வடிவம் கொண்டது. அதன் சுழலிக்கும் உறைக்கும் இடையே தாராளமான இடைவெளி விடப்பட்டிருக்கும்; சிறு கற்களும் சருகும் சுழலியில் சிக்காமல் நீரோடு சேர்ந்து வெளியேற அந்த இடைவெளியே வழி. இதற்கு விலையாகத் திறன் குறைகிறது. தெளிந்த நீர்ப் பம்பு அதே 1 எச்.பி.யில் இதைவிட அதிக நீரை இதைவிட உயரத்துக்கு ஏற்றும். அட்டவணையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, வடிகால் பம்பு ஏமாற்று வேலை என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாதிட்டார். அடைபட்டு நின்றுவிட்ட பம்பின் திறன் சுழியம் என்பதுதான் அதற்கு நான் தந்த விடை. இன்றும் அதுவே என் கருத்து.

எவ்வளவு பெரிய பம்பு தேவை என்பதை ஊகத்தில் முடிவுசெய்யக் கூடாது. பக்கத்துக் குடியிருப்பில் 2 எச்.பி. வைத்திருக்கிறார்கள், நாமும் அதையே வைப்போம் என்பது பரவலான வழக்கம். கணக்கோ எளிமையானது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர். சென்னையில் நாம் பேசும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் சேரும், 9,000 லிட்டர் குடிநீர் லாரி இரண்டரை வந்து கொட்டுவதற்குச் சமம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது, அதைக் கிரவுண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் அந்த மழையின் பருமன் மனத்தில் பதிகிறது.

எங்கள் சரிவுப் பாதையின் திறந்த பரப்பு சுமார் 60 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. என்ற மிகக் கடுமையான மழையை வைத்துக்கொண்டாலும் மணிக்கு 6,000 லிட்டர், நிமிடத்துக்கு 100 லிட்டர். கசிவுக்கும் சேர்த்து இடம் விட்டு, நிமிடத்துக்கு 200 லிட்டர் இறைக்கும் பம்பு ஒன்று போதும் என்றும், அதே அளவில் இன்னொன்று துணைக்கு இருக்க வேண்டும் என்றும் முடிவுசெய்தோம். ஒரே பெரிய பம்பைவிட இரண்டு சிறிய பம்புகள் மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பெரிய பம்பு பழுதானால் எல்லாமே நின்றுபோகும். இரண்டில் ஒன்று பழுதானால் மற்றது பொழுதைக் கடத்திவிடும்.

இங்கே "நிமிடத்துக்கு 200 லிட்டர்" என்பது எந்த உயரத்தில் என்று கேட்க வேண்டும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் எண், பெரும்பாலும் உயரமே இல்லாத நிலையில் கிடைக்கும் உச்ச அளவு. அதைப் போலவே பெரிய எழுத்தில் இருக்கும் அதிகபட்ச ஹெட், நீர் ஏறி நின்றுவிடும் உயரம்; அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. உண்மையான பயன் இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள அட்டவணையில்தான் இருக்கிறது. எங்களுக்குக் குழியின் அடியிலிருந்து குழாயின் உச்சி வரை 4.6 மீட்டர், குழாயின் உராய்வுக்கு ஒன்றரை மீட்டர் அளவு, ஆக ஏறத்தாழ 6 மீட்டர் ஹெட். இந்த 6 மீட்டரில் எவ்வளவு நீர் வரும் என்று கேட்டதற்கு, பாரிமுனையில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளுள் ஒன்றில் மட்டும்தான் உடனே அட்டவணையை எடுத்து விரித்துக் காட்டினார்கள். அங்கேயே வாங்கினோம். விலை மற்றக் கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல். லிங்கிச் செட்டி தெருப் பக்கம் பேரம் பேசினால் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அட்டவணையை வைத்துக்கொண்டு பேசத் தெரிந்த விற்பனையாளர் பின்னால் பழுதுபார்க்கவும் ஆள் அனுப்புவார் என்ற எங்கள் நம்பிக்கை வீண்போகவில்லை.

பொருத்தும் வேலைதான் எங்களுக்கு அதிக நாள் எடுத்தது. மதிப்பீட்டிலும் அதற்கே அதிக இடம் தர வேண்டும். முதலில் குழி. பழைய குழி இரண்டடிக்கு இரண்டடி. பம்பு ஒருமுறை தொடங்கி நிற்பதற்குள் அதில் வெளியேறுவது 150 லிட்டருக்கும் குறைவு. பம்பின் அளவில் பாதி வேகத்தில் நீர் வந்துகொண்டிருக்கும்போதுதான் பம்பு மிக அதிகமாகத் தொடங்கித் தொடங்கி நிற்கும். அந்நிலையில் இரு தொடக்கங்களுக்கு இடையிலான நேரம், குழியின் பயன்படும் கொள்ளளவை நான்கால் பெருக்கிப் பம்பின் நிமிட அளவால் வகுத்தால் கிடைப்பது. பழைய குழிக்கு அது மூன்று நிமிடம்கூட இல்லை, அதாவது மணிக்கு 20 தடவைக்கு மேல். ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் தன் இயல்பான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுத்துச் சூடேறுவதால், இப்படி ஓடும் பம்பு ஆண்டுக்கணக்கில் தாங்காது. குழியை ஒரு மீட்டர் சதுரமாக விரித்து, 1.2 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, அரை மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டில் பம்பு இயங்கும்படி செய்தோம். இப்போது பயன்படும் கொள்ளளவு 500 லிட்டர். மணிக்கு ஆறு தொடக்கங்களுக்கு மேல் போக வழியில்லை. குழியை விரிப்பதற்கான செலவு வீண் என்று எண்ணுபவர்கள் பம்பின் ஆயுளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே சொல்வேன்.

அடுத்து மிதவை. நீர்மட்டத்துக்கு ஏற்பப் பம்பைத் தொடங்கி நிறுத்துவது இதுதான். பம்போடு வந்த மிதவை சுவிட்ச், வயரின் நுனியில் தொங்கிக்கொண்டு நீரோடு ஏறி இறங்குவது. வடிகால் பம்புகள் வேலை செய்யாமல் போவதற்கு மோட்டாரைவிட இந்த மிதவைதான் அதிகம் காரணமாகிறது. அது பம்பைத் தூக்கும் கயிற்றில் சுற்றிக்கொள்ளும், குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்துப் பம்பின் குழாய்க்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மேலே சிக்கினால் நீரே இல்லாமல் பம்பு ஓடிக் கருகும்; கீழே சிக்கினால் தளம் முழுகும்வரை பம்பு எழாது. பொருத்த வந்த தொழில்நுட்பர் மிதவைகளை நான்கு அங்குல பி.வி.சி. குழாய்க்குள் நிமிர்ந்து ஏறி இறங்கும் வகையாக மாற்றி, குழாயின் பக்கங்களில் துளையிட்டு, குழியின் மூலையில் நிறுத்தினார். "சார், பம்பு எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஓடும், மிதவை சிக்காம இருக்கணும், அவ்வளவுதான்" என்று அவர் சொன்னது அனுபவத்திலிருந்து வந்த சொல். மாடித் தொட்டிக்குப் பயன்படும் மின்முனை உணரிகளை வடிகுழியில் போட வேண்டாம். சேறும் எண்ணெயும் படிந்த பின் அவை தவறான மட்டத்தைக் காட்டும். மூன்றாவதாக ஒரு மிதவையைச் சற்று உயரத்தில் வைத்து, நீர் அதைத் தொட்டால் காவலாளியின் அறையில் மணி அடிக்கும்படி செய்திருக்கிறோம். செலவு மிகக் குறைவு. இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மணிதான்.

வெளியேற்றுக் குழாயில் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பம்பு இறைக்கும் நீர் ஓடாத பம்பின் வழியாகக் குழிக்கே திரும்பிவிடும். வால்வுக்குக் கீழே குழாயில் சுமார் 4 மி.மீ. துளை ஒன்று இட்டார்கள். பம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டு நீர் ஏறாமல் போவதை அது தடுக்கிறது. குழாய் இரண்டு அங்குலம். பழைய குழாய் பாதி வழியில் ஒன்றேகால் அங்குலமாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதே அளவு நீர் செல்லும்போது குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும் என்பதால், குழாயில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் பம்பின் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

குழாய் வெளியே போகும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை நேராக மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோய்ச் செருகிவிட்டால், வடிகால் நிரம்பிய நாளில் அதே குழாய் வழியாகத் தெருநீர் உள்ளே வரும். ஒருவழி வால்வில் ஒரு சுள்ளி சிக்கியிருந்தாலே போதும். எங்கள் குழாய் சாலை மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே ஏறி, வளைந்து, பிறகு கீழே இறங்குகிறது. வளைவின் உச்சியில் காற்றுப் போக ஒரு சிறு திறப்பும் உண்டு. சாலையில் முழங்கால் அளவு நீர் நின்றாலும் அது இந்த வளைவைத் தாண்டித் திரும்ப வர முடியாது.

இறைக்கும் நீரைச் சாக்கடை ஆள்நுழைவுக் குழிக்குள் விடுவது சென்னையில் சாதாரணமாக நடக்கிறது. மழை நாளில் மூடியைத் திறந்து தெருநீரையே அதற்குள் வடிய விடுபவர்களும் உண்டு. இது கூடாது. குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய்கள் மழைநீரைத் தாங்கும் அளவில் அமைந்தவை அல்ல; அவை நிரம்பினால் கழிவுநீர் தாழ்வான வீடுகளின் கழிப்பறை வழியே மேலெழும், அல்லது தரை மட்டத்தில் இருக்கும் குடிநீர்ச் சம்புக்குள் புகும். எங்கள் தெருவில் மாநகராட்சியின் மழைநீர் வடிகால் இருக்கிறது, அதில்தான் விடுகிறோம்.

இனி மின்சாரம். கடுமையான மழையில் தெருவோர மின் பெட்டிகளை நீர் நெருங்கினால், யாருக்கும் அதிர்ச்சி ஏற்படக் கூடாது என்பதற்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அது சரியான நடவடிக்கை. 2015-இலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆக, பம்பு மிகவும் தேவைப்படும் நேரமும் மின்சாரம் இல்லாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. மாற்று மின்சாரம் இல்லாத வடிகால் பம்பு சாதாரண மழைக்கு மட்டுமே பயன்படும் கருவி என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. 1 எச்.பி. என்பது 746 வாட். மோட்டாரின் இழப்பையும் தொடக்க மின்னோட்டத்தையும் சேர்த்தால், வீட்டில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்திருக்கும் சிறிய இன்வெர்ட்டரில் அது ஓடாது. பொது ஜெனரேட்டரிலிருந்து பம்புகளுக்கென்று தனி இணைப்பு எடுத்தோம். லிஃப்டுக்கு முன்னதாகப் பம்புக்கு மின்சாரம் போகும்படி வரிசை வைத்தோம். ஜெனரேட்டரும், கட்டுப்பாட்டுப் பெட்டியும், ஒருமுனை மின்சாரப் பம்புகளுக்குத் தேவையான கப்பாசிட்டர்களும் தரைத்தளத்தில், இடுப்பளவு மேடையில் இருக்கின்றன. நிலத்தடித் தளத்திலேயே ஜெனரேட்டரை வைத்திருக்கும் கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் குடியிருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன் அதை மேலே ஏற்றிவிட வேண்டும்.

பம்பின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். நீர் நிற்கும் தளத்தில் மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் இறங்கக் கூடாது என்பதைக் காவலாளிக்கும் பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். காரைக் காப்பாற்ற ஓடும் அவசரத்தில் இதை மறப்பது உயிருக்கே உலை வைக்கும். வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் சோதனை 2024 அக்டோபர் நடுவில் வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியதை எல்லாரும் பார்த்த அந்த நாள்களில், எங்கள் தளத்தில் ஈரம் இருந்தது, நீர் நிற்கவில்லை. நீர் வரத்து அதிகமான நேரங்களிலும் ஒரு பம்பே சமாளித்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி சொன்னபடி முறை மாற்றி இரண்டையும் சமமாக ஓட்டியது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நாள் முழுவதும் விடாமல் பெய்ததில் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டிய தேவை ஏற்பட்டது. அப்போதும் உயர்மட்ட மணி அடிக்கவில்லை. அட்டவணையில் 6 மீட்டருக்கு 220 லிட்டர் என்று இருந்தது. குழியின் நீர்மட்டம் இறங்கும் நேரத்தைக் கொண்டு நாங்கள் அளந்தபோது அதற்குச் சற்றுக் குறைவாக, ஆனால் 200-க்குப் பக்கத்தில் வந்தது. இந்த அளவு நேர்மை எனக்குப் போதும். சத்தம் குறைவு, முதல் மாடியில் கேட்பதே இல்லை.

குறைகளும் உண்டு. பம்போடு வரும் வயர் எங்கள் மேடைப் பெட்டி வரை எட்டவில்லை. நடுவில் இணைப்புப் போட வேண்டியதாயிற்று. இணைப்பு எக்காரணம் கொண்டும் குழிக்குள் வரக் கூடாது என்பதால் அதைச் சுவரில் உயரத்தில் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தோம். தூக்குவதற்குக் கொடுத்தது நைலான் கயிறு. துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலியை நாங்களே வாங்கினோம். வயரைப் பிடித்துப் பம்பைத் தூக்கினால் வயர் நுழையும் இடத்தின் நீர்புகா அடைப்பு (சீல்) நெகிழ்ந்து நீர் உள்ளே போகும் என்ற முக்கியமான எச்சரிக்கை, கையேட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே, அதுவும் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் செய்து தமிழ்நாடு முழுவதும் விற்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தருவது கடினமான காரியம் அல்ல. குழியை இறங்கித் துப்புரவு செய்பவரும் பம்பைக் கழற்றுபவரும் படிக்கும்படி அது இருந்திருக்க வேண்டும். நாங்களே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மணற்பாங்கான பகுதிகளில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீரை இறைக்கும்போது அதோடு மணலும் தொடர்ந்து வந்தால், அந்த மணல் கட்டடத்துக்கு அடியிலிருந்து வருகிறது என்று பொருள். குழியின் சுவர் வழியாக மண் அரித்து வந்தால் அடித்தளத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். எங்கள் குழியின் பக்கங்களில் வடிகட்டித் துணியும் சல்லியும் வைத்துத்தான் கசிவை உள்ளே விடுகிறோம். வெளியேறும் நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துச் சற்று நேரம் விட்டுப் பார்த்தால் அடியில் படிவது சேறா மணலா என்று தெரியும். நல்ல மணலாகப் படிந்துகொண்டே இருந்தால் பம்புக் கடைக்காரரை அல்ல, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். குழியில் சேறு படிவது பம்புக்கு மட்டுமே தொல்லை. கோடையில் வாரினால் முடிந்துவிடும்.

பம்பால் ஆகாதது தெருவிலிருந்து வரும் நீர். சாலையில் நிற்கும் நீர் சரிவுப் பாதையின் வாயைத் தாண்டி ஒருமுறை உள்ளே பாயத் தொடங்கினால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் இறங்கும். நாம் வெளியே விடும் நீரும் அதனோடு சேர்ந்து திரும்பி வரும். அப்போது பம்பு தெருவையே இறைக்க முயல்கிறது. பல தெருக்களில் பழைய தாரின்மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளமாகிவிட்டன. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவுறுத்தியதற்கும் இதுவே காரணம். உங்கள் தெருவில் சாலைப் பணி நடக்கும்போது சுரண்டாமல் போட்டால் அன்றே மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யுங்கள். போட்ட பின் ஒன்றும் செய்ய முடியாது. சரிவுப் பாதையின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு மேடு கட்டியிருக்கிறோம், வண்டியின் அடி தட்டாத அளவுக்கு நீண்ட ஏற்றமாக. அதன்மேல் இரு பக்கத் தூண்களிலும் காடி வைத்து, தேவைப்படும்போது தடுப்புப் பலகையைச் செருகுகிறோம். மேட்டுக்கு உட்பக்கம் சல்லடையுள்ள குறுக்கு வாய்க்கால். மாடியில் விழும் மழைநீர் 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு அமைப்புக்குத்தான் போகிறது என்றாலும், கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்தபின் அந்தக் கிணறு நிரம்பி வழிந்தது. வழிவது நிலத்தடித் தளத்தின் பக்கம் வராமல் தெரு வடிகாலுக்குப் போகும்படி குழாயைத் திருப்பினோம். இந்த மூன்று வேலைகளும் பம்புக்கு வரும் சுமையைக் குறைத்த அளவுக்கு எந்தப் பெரிய பம்பும் குறைத்திருக்காது. கையில் உள்ள பணம் பம்புக்கோ மேட்டுக்கோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் மேட்டைக் கட்டுங்கள்.

லிஃப்டின் அடிக்குழி எல்லாவற்றையும்விடத் தாழ்வானது. வடிகுழிப் பம்பு அதைத் தொடாது. மழை எச்சரிக்கை வந்தால் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

பராமரிப்பு எளிதுதான், ஆனால் நாள் தவறக் கூடாது. ஆண்டில் பெரும்பகுதி சும்மா கிடக்கும் பம்பு, தேவைப்படும் நாளில் இறுகிப்போய் எழாமல் இருக்கும். அதனால் கோடையிலும் மாதம் ஒருமுறை குழியில் நீர் ஊற்றி, மிதவை தானாகவே பம்பைத் தொடங்குகிறதா என்று காவலாளி பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். சுவிட்சைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. குழிக்கு வலை மூடி தேவை, ஏனென்றால் அடியில் எப்போதும் மிஞ்சும் நீரில் கொசு பெருகும், மாநகராட்சி அபராதமும் விதிக்கும். ஆடி, ஆவணிக்குள் பம்புகளை மேலே எடுத்துக் கழுவி, எண்ணெய் அறையைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது, நீர்புகா அடைப்பை மாற்ற வேண்டும். புரட்டாசி பாதி கடந்த பின் கூப்பிட்டால் நல்ல தொழில்நுட்பர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள். எங்களுக்குப் பம்பு விற்ற கடையே ஆகஸ்ட் மாதத்துக்குள் பதிவுசெய்பவர்களுக்கு மட்டும்தான் மழைக்கு முன் ஆள் அனுப்ப உறுதி தருகிறது.